மஞ்சள்காமாலை கணக்கெடுப்பு: நோய் வராதவர்களிடம் எதற்கு இத்தனை கேள்வி?

வாசல்தையல்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. ஒரு மாதமாக எங்கள் தெருவில் மஞ்சள்காமாலை. கடைசி வீட்டு மாமா, அவர் பக்கத்து வீட்டுத் தம்பி, அங்கேயே குடியிருக்கும் என் நாத்தனார் என்று வரிசையாகப் படுத்துவிட்டார்கள். தெருமுனையில் நிற்கும் பானிபூரி வண்டிதான் காரணம் என்று ஊரே முடிவு கட்டி, வண்டியையும் நகராட்சி ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டிக்காரரின் மனைவி என்னிடம்தான் ரவிக்கை தைப்பார். வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

சரி, அத்தோடு முடிந்தது என்று பார்த்தால், போன வாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குழு வீடு வீடாக வந்தது. நோய் வந்தவர்களைக் கேட்டால் நியாயம். எனக்கு ஒன்றுமே இல்லை, என்னிடம் அரை மணி நேரம் கேள்வி. போன மாதம் எந்தெந்த வீட்டு விசேஷத்துக்குப் போனீர்கள், வெளியே எங்கே தண்ணீர் குடித்தீர்கள், சட்னி எந்தத் தண்ணீரில் அரைக்கிறீர்கள், பல் எதில் தேய்க்கிறீர்கள். நேற்று வைத்த குழம்பே எனக்கு நினைவில்லை, இதில் போன மாதத்துக் கதைக்கு எங்கே போவேன்?

தண்ணீரைச் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று ரிசல்ட் வந்துவிட்டதாகக் கவுன்சிலர் சொல்கிறார். அப்படியும் நேற்று தெருவில் தோண்டுவதற்குச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாத்திரை கொடுக்காமல், ஊசி போடாமல், இப்படிக் கேள்வி கேட்டு என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

தண்டவாளம்:

வண்டியைத் தூக்கியாச்சு இல்லையா, இனி குறைந்துவிடும். பானிபூரி கரைக்கிற தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். கணக்கெடுப்பெல்லாம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பத்தான்.

பழைய எச்.ஐ.:

சகோதரி, நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பேதி, காமாலை, டைபாய்டு என்று தெருத்தெருவாக நோட்டுப் புத்தகத்தோடு அலைந்ததுதான் என் உத்தியோகம். உங்களைக் கேட்டார்களே, அந்தக் கேள்விகளைத்தான் நானும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். நிறைய வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

நோய் வராத உங்களை ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தெருவில் 22 பேருக்குக் காமாலை. 22 பேரையும் கேட்டால் 20 பேர் 'அந்த வண்டியில் சாப்பிட்டேன்' என்கிறார்கள். உடனே எல்லோர் கையும் அந்த வண்டியை நோக்கித்தான் நீளும். ஆனால் நோய் வராத 100 பேரைக் கேட்கும்போது அவர்களிலும் 90 பேர் அதே வண்டியில் சாப்பிட்டிருந்தால்? இரண்டு பக்கமும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் வண்டியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அர்த்தம். 22 பேரும் சோறு சாப்பிட்டவர்கள்தான், அதற்காக அரிசிக் கடைக்குச் சீல் வைக்க முடியுமா? நோயாளியிடம் மட்டும் கேட்கிற விசாரணை இப்படித்தான் யாரையாவது மாட்டிவிட்டுவிடும். குழாய்த் தண்ணீர் குடித்த 100 பேரில் 20 பேருக்கு வந்திருக்கிறது, சொந்த போர் தண்ணீர் குடித்த 100 பேரில் 2 பேருக்குத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்தால் அது பேசும். அந்த 98 பேரும் வாயைத் திறந்தால்தான் அந்தக் கணக்கே வரும். நீங்கள் அந்தப் பக்கத்துச் சாட்சி.

இன்னொன்று, கூட்டத்தோடு ஒட்டாத ஆள் யார் என்று நாங்கள் தேடுவோம். பானிபூரிதான் காரணம் என்றால், வீட்டை விட்டே வெளியே வராத, பல் இல்லாத பாட்டி ஒருவருக்கும் காமாலை வந்திருந்தால் அது எப்படி? அந்த வண்டி உங்கள் தெருவில் மட்டுமா நிற்கிறது, பள்ளிக்கூட வாசலிலும் நிற்குமா? நிற்குமென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் வண்டியைத் தூக்கியது அவசரம். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வண்டிக்காரர் உங்கள் தெருக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தார் என்றால், வண்டி குற்றவாளி இல்லை, ஆனால் சுத்தமும் இல்லை.

சட்னி கேள்விக்கு வருகிறேன். 'நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்' என்று இப்போது பாதி வீட்டில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் கேன் தண்ணீர் டம்ளருக்குத்தான். சட்னி அரைக்க, மோர் கரைக்க, தட்டுக் கழுவ, பல் தேய்க்க எல்லாம் குழாய்த் தண்ணீர். சட்னியையும் மோரையும் யாரும் கொதிக்க வைப்பதில்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா என் எதிரிலேயே கேனைக் காட்டிக்காட்டிப் பேசிக்கொண்டே, குழாய்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு மோரில் ஊற்றி எனக்கே நீட்டினார். குடிக்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

ஏன் 'போன மாதம்' என்று கேட்கிறார்கள்? காமாலை வைரஸ் உள்ளே போன அன்றே கண் மஞ்சளாகாது. தண்ணீரில் பரவும் காமாலை முக்கியமாக இரண்டு வகை: ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ. ஏ என்றால் 15 முதல் 50 நாள், பெரும்பாலும் நாலு வாரம். ஈ என்றால் 2 முதல் 10 வாரம், சராசரி 5, 6 வாரம். வாந்திபேதியில் நேற்றைய தண்ணீரைப் பிடித்தால் போதும். காமாலையில் போன மாதத்துத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை பேருக்குத் தொடங்கியது என்று கட்டம் போட்டு அடுக்குவோம். ஒரே மேடாக ஏறி இறங்கினால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வாங்கியிருக்கிறார்கள். உச்சியிலிருந்து சராசரி நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் ஒரு வாரம், பத்து நாள் என்று ஒரு காலம் கிடைக்கும். அந்த நாட்களில் ஊரில் என்ன நடந்தது? மழையா, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்களா, மோட்டார் ரிப்பேரா, கோயில் கொடையா? அதற்குத்தான் விசேஷம் எல்லாம் கேட்பது. தேதி நினைவு வராதவர்களை 'பவுர்ணமிக்கு முன்னாலா பின்னாலா, சம்பளம் வந்த பிறகா' என்று கேட்டு வாங்குவோம். 'கண் மஞ்சளானது என்றைக்கு' என்பதை மட்டும் பெரும்பாலானவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள், யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

நோயாளி எண்ணிக்கையை அரசு ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுத்தால் நம் ஊரில் ஏமாந்துபோவோம். காமாலை என்றால் சனங்கள் முதலில் போவது கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவரிடம். பேதிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள்கூட காமாலைக்கு ஓடுவதில்லை. அதனால் காலை ஆறு மணிக்கு நாட்டு மருந்துக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்பதால் வரிசை அப்போதுதான் இருக்கும். ஒருவர் எந்த ஊர், எத்தனையாவது வேளை என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதுதான் ஆஸ்பத்திரிக் கணக்கில் இல்லாத இன்னொரு தெருவே எனக்குத் தெரிந்தது. அவரை மிரட்டினால் டைரி கிடைக்காது. உட்கார்ந்து பேசினால் கிடைக்கும்.

ஊசி, மாத்திரை கேட்டீர்கள். இந்த இரண்டு காமாலைக்கும் வைரஸைக் கொல்ல என்று கொடுக்கிற மாத்திரை வழக்கத்தில் இல்லை, ஓய்விலும் சாப்பாட்டிலும் பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் தெருவில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் பெயரை இன்றைக்கே சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். ஹெபடைடிஸ் ஈ கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், நூற்றில் 20, 25 பேர் வரை இறந்திருக்கிறார்கள். யாருக்காவது காமாலையோடு பிதற்றலோ, அளவு மீறிய தூக்கமோ, ரத்தக் கசிவோ இருந்தால் கீழாநெல்லியை நம்பி உட்கார வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஒரு விவரம் சொல்லுங்கள், ஏ-யா ஈ-யா என்று ஊகிக்க உதவும்: அதிகம் வந்தது சின்னப் பிள்ளைகளுக்கா, 15 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கா?

ஸ்லைடு:

எச்.ஐ. சார் சொன்னதோடு 'தண்ணீர் ரிசல்ட் நல்லது' விஷயத்தையும் சேர்க்கிறேன். நான் ஆய்வகத்தில் இருப்பவன்.

வழக்கமாகத் தண்ணீரில் நாங்கள் வைரஸைத் தேடுவதில்லை. மலம் கலந்ததற்கு அடையாளமாக இருக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியாவைத் தேடுகிறோம். கலப்பு நடந்து ஒரு மாதம் கழித்து, பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிய பிறகு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அது இருக்காது. அந்த ரிசல்ட் அன்றைக்கு அந்தத் தொட்டியில் இருந்த தண்ணீருக்கு மட்டும்தான். இன்னொரு கொடுமை: எங்கள் பாட்டிலில் தயோசல்ஃபேட் போட்டுத்தான் கொடுப்போம், குளோரினை உடனே முறிப்பதற்கு. அது இல்லாமல் கடையில் வாங்கிய வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவருவார்கள். வருகிற வழியெல்லாம் உள்ளே இருக்கிற குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே வரும். ரிசல்ட் அருமையாக வரும்!

அப்புறம், பாக்டீரியா இல்லை என்றால் வைரஸும் இல்லை என்று ஆகாது. இதற்கு டெல்லியே சாட்சி. 1955-ல் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறி, நஜாப்கர் வடிகாலின் சாக்கடை வஜீராபாத் நீரேற்று நிலையம் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அதைக் கவனித்துக் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு, சீதபேதி எல்லாம் கூடவில்லை, தப்பித்தோம் என்று இருந்திருப்பார்கள். டிசம்பரிலிருந்து 1956 ஜனவரி வரை சுமார் 29,000 பேருக்குக் காமாலை. பாக்டீரியாவுக்குப் போதுமான குளோரின் அந்த வைரஸுக்குப் போதவில்லை. அப்போது அந்த வைரஸுக்குப் பெயரே கிடையாது. பத்திரமாக வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல வருடம் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஹெபடைடிஸ் ஏ இல்லை என்று தெரிந்தது. 1980-களின் தொடக்கத்தில் மிகாயில் பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி நோயாளிகளின் மலக் கரைசலைத் தானே குடித்துக் காமாலை வாங்கி, தன் மலத்திலேயே வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதுதான் இன்றைய ஹெபடைடிஸ் ஈ. எங்கள் லேபில் யாராவது சோம்பல் பட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

வாசல்தையல்:

எச்.ஐ. சார், ஸ்லைடு சார், இருவருக்கும் நன்றி. இப்படி ஒருவரும் எங்களுக்கு விளக்கவில்லை.

சார் கேட்டதற்குப் பதில்: வந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள்தான். காலேஜ் போகிற பையன்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். ரத்தம் எடுத்துப் போனவர்களுக்கு ஹெபடைடிஸ் ஈ என்று வந்திருப்பதாக நர்ஸ் அக்கா இன்று சொன்னார். தெருவில் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள், ஏழாம் மாதம். பெயரைக் கொடுத்துவிட்டேன், அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தெருவை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வீடு மேட்டில். மேட்டில் இருக்கிற வீடுகளில் ஒருவருக்கும் இல்லை. வந்ததெல்லாம் கீழே வாய்க்கால் ஓரத்து வீடுகளில். பானிபூரிக்குத் தினமும் ஓடுவது மேட்டு வீட்டுப் பிள்ளைகள்தான், என் பிள்ளைகளையும் சேர்த்து! தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கீழே முதல் பத்து நிமிடம் கலங்கலாக, ஒரு மாதிரி வாடையோடு வரும், ஊற்றிவிட்டுத்தான் பிடிப்போம் என்கிறார்கள். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாததால் நாங்கள் பாதிப் பேர் மோட்டார் போட்டு நேரடியாகக் குழாயிலிருந்து இழுக்கிறோம். அது தப்பா?

பழைய எச்.ஐ.:

தப்புதான் சகோதரி. கோபித்துக்கொள்ள வேண்டாம், தமிழ்நாடு முழுக்க நடக்கிறது.

வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் போய்விடும். குழாய் சாக்கடைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தால், வெளியே இருக்கிற கழிவு மெதுவாக உள்ளே இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது அது முதலில் பள்ளத்து வீட்டுக்குத்தான் போகும். அந்தப் பத்து நிமிடக் கலங்கல் அதுதான். தண்ணீர் ஓடும்போதே மேலே நீங்கள் மோட்டாரில் உறிஞ்சினால் அழுத்தம் இன்னும் குறைந்து, ஓடுகிற குழாய்க்குள்ளேயும் கழிவு வரலாம். கலங்கலை ஊற்றிவிட்டுப் பிடித்தாலும், தெளிவாக வருகிற தண்ணீரில் வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது.

நீங்கள் சொன்ன மேடு, பள்ளம் விவரம் வண்டிக்காரரைக் கிட்டத்தட்ட விடுவித்துவிட்டது. பானிபூரி அதிகம் சாப்பிட்ட பக்கத்தில் நோயே இல்லை. இதைக் குழுவும் வரைபடத்தில் புள்ளி வைத்தபோதே பார்த்திருக்கும். அதனால்தான் தண்ணீர் ரிசல்ட்டைப் பொருட்படுத்தாமல் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

எங்கே தோண்டுவது என்று எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. கையில் குளோரோஸ்கோப், தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்க்கிற கருவி. தண்ணீர் விடுகிற நேரத்தில் தொட்டியில் தொடங்கி ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் கொஞ்சம் பிடித்து, ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால், குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சள் நிறம் வரும். கடைசி வீட்டுக் குழாயிலும் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். ஒரு ஊரில் அப்படிப் போனேன். தொட்டியில் நல்ல மஞ்சள், தெரு தொடக்கத்திலும் மஞ்சள். ஒரு பெட்டிக்கடை வரைக்கும் அதே நிறம். கடைக்கு அடுத்த வீட்டில் நிறமே இல்லை, வெறும் தண்ணீர். அதற்கப்புறம் கடைசி வரை இல்லை. அந்த இரண்டு குழாய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது, சாக்கடையைத் தவிர வேறு என்ன? அங்கே மட்டும் தோண்டினோம். வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்கு அடியில் குறுக்கே போகிறது. பிவிசி விரிசல், அதைச் சுற்றி யாரோ எப்போதோ சைக்கிள் டியூபைக் கட்டியிருந்தார்கள். டியூப் இற்றுப்போய் நூல் நூலாக நின்றது.

தண்டவாளம்:

சரி சார், வண்டி விஷயத்தில் நான் பேசியதை விடுங்கள். ஆனாலும் ஒரு சந்தேகம். லீக் இருக்கிறது என்று தெரிந்தால் அடைக்க வேண்டியதுதானே? கேள்வித்தாள் எல்லாம் முடிந்து அறிக்கை தயாராகும் வரை சனங்கள் அந்தத் தண்ணீரையே குடிக்க வேண்டுமா?

பழைய எச்.ஐ.:

கூடவே கூடாது தம்பி. இந்த ஒன்றில் எனக்கும் மேலதிகாரிகளுக்கும் பல தடவை வாக்குவாதம் நடந்திருக்கிறது. சந்தேகம் வந்த அன்றே அந்த லைனை நிறுத்தி லாரியில் தண்ணீர் கொடுக்க வேண்டும், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லித் தெருவில் ஆட்டோ விட வேண்டும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். விசாரணை ஒரு பக்கம், இது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தே நடக்கும். லேப் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிசல்ட் 'நன்று' என்று வரும், நோயாளி எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

கேள்வித்தாள் எதற்கு என்றால், ஒரு விரிசலை அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதற்கு. பள்ளத்து வீடுகளைத் தவிர வேறு எங்காவது இரண்டு பேர் இருந்து, அவர்கள் இந்தத் தெருவுக்கே வராதவர்கள் என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அதைத் தோண்டுகிறவர் கண்டுபிடிக்க முடியாது, கேட்கிறவர்தான் கண்டுபிடிப்பார்.

வாசல்தையல் சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. குழாயைச் சரிசெய்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் புதிதாக ஓரிருவருக்குக் கண் மஞ்சளாகும். உடனே 'வேலை சரியில்லை' என்று தெருவே சண்டைக்குக் கிளம்பும். அந்த ஓரிருவர், குழாயைச் சரிசெய்வதற்கு முன்னால் குடித்த தண்ணீருக்கு இப்போது படுப்பவர்கள். பத்து வாரம் வரை அப்படி வரலாம், வரவர எண்ணிக்கை குறைய வேண்டும். பத்து வாரம் தாண்டிய பிறகு ஒருவருக்கு வந்தால் விடாதீர்கள், வீட்டு எண்ணோடு எழுதிக் கொடுங்கள், மறுபடி குளோரோஸ்கோப்போடு வரச் சொல்லுங்கள். மோட்டாரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். வண்டிக்காரர் வீட்டம்மாவிடம், சுகாதார அலுவலரைப் பார்த்துக் கணக்கெடுப்பின்படி மறுபரிசீலனை கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மனுவில் மேடு, பள்ளம் விவரத்தைக் கட்டாயம் சேர்க்கட்டும். வண்டி திரும்பி வந்தால் புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள்.